மலை வீட்டில் விறகுக் கணப்பு: புகையை எந்த வழியாக அனுப்புவது?

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீடு கட்டியவர்களும், பழைய பங்களாவை வாங்கித் திருத்துகிறவர்களும் முதல் மார்கழியைப் பார்த்ததும் அடுப்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்குவார்கள். வார்ப்பிரும்பா, தகடா, கண்ணாடிக் கதவு உண்டா, விலை என்ன? குழாயைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அத நம்ம வெல்டரே போட்டுடுவாரு" என்று பதில் வரும். பணத்தையும் யோசனையையும் செலவிட வேண்டிய இடம் அந்தக் குழாய்தான் என்பது என் கட்சி. சுமாரான அடுப்பும் நல்ல சிம்னியில் மாட்டினால் ஒழுங்காக எரியும். எவ்வளவு உசத்தியான அடுப்பானாலும் சிம்னி சரியில்லை என்றால் அறைக்குள் புகையும், குழாய்க்குள் தார் கட்டும், என்றாவது கூரை மரத்தைப் பற்ற வைக்கும். அதனால் அடுப்பு வகைகளைக் கொஞ்சமாகவும், புகை போகும் வழிகளை விரிவாகவும் இங்கே ஒப்பிடுகிறேன்.

கரியை முதலிலேயே தள்ளிவிடலாம். குமுட்டி அடுப்பில் கரியைக் கனியவிட்டு, "பொகையே வரல பாருங்க" என்று படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரி அடுப்போடு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி மலையூர்களிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் விருந்தினர் கெஞ்சிக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். வருடத்தில் இரண்டு மாதம், மாலையில் ஓர் அறையைச் சூடாக்கினால் போதும் என்றால் விறகே வேண்டியதில்லை. 2 கிலோவாட் எண்ணெய் ரேடியேட்டர் தினமும் 5 மணி நேரம் முழுமூச்சாக ஓடினால் 10 யூனிட், இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். நம் இருமாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியும், கூரையில் ஓட்டை போட்டு ஒழுங்கான சிம்னி ஏற்றுகிற செலவை அந்த பில் எட்டிப்பிடிக்கப் பல வருடம் ஆகும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். குளிர் மூன்று நான்கு மாதம் நிற்கிற, மழையும் காற்றும் வந்தால் கரண்ட் போய்விடுகிற சொந்த வீட்டில்தான் விறகுக்கு நியாயம் இருக்கிறது.

சரி, விறகுதான் என்று முடிவானால் சிம்னி எதனால் இழுக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிட வேண்டும். குழாய்க்குள் இருக்கும் சூடான காற்று லேசானது, வெளியே இருக்கும் குளிர்ந்த காற்று கனமானது. இந்தக் கன வித்தியாசமும் குழாயின் உயரமும் சேர்ந்ததுதான் இழுவை. இதில் மலையூர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது, இழுவையும் அதே அளவு குறையும். போதாததற்கு, கனடாவில் போல வெளியே மைனஸ் 20 டிகிரி குளிரும் கிடையாது. அந்தக் குளிரே அவர்களுக்கு இழுவையைக் கூட்டிக் கொடுத்துவிடும். நமக்கு இரவில் 5 அல்லது 8 டிகிரி, அவ்வளவுதான். பிரிட்டனில் புகைவழி குறைந்தது 4.5 மீட்டர் உயரம் வேண்டும் என்பது வழக்கமான அளவு. கடல் மட்டத்திலிருந்து 1,000 அடி ஏறுவதற்கு ஏறத்தாழ 4 சதவீதம் உயரத்தைக் கூட்டச் சொல்கின்றன அமெரிக்க அடுப்புக் கையேடுகள். அந்தக் கணக்கில் ஊட்டிக்கு 5.8 மீட்டர் வரும். இணையத்தில் பார்த்த படத்தில் இருந்தது என்று மூன்று மீட்டர் குழாயை நீட்டினால் கதவைத் திறக்கும்போதெல்லாம் அறை புகையும்.

ஃபயர்பிளேஸ் ஏற்கெனவே இருக்கிற வீடு

ஆங்கிலேயர் காலத்துப் பங்களா, பழைய எஸ்டேட் குவார்ட்டர்ஸ் என்றால் கூடத்தில் ஃபயர்பிளேஸ் இருக்கும். அதைத் துடைத்துவிட்டு அப்படியே கொளுத்துவதுதான் மலிவான வழி. பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் திறந்த கணப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறையில் தங்கினால் பெரிது. மீதியெல்லாம் மேலே போய்விடும். போகிறபோது அறையில் உள்ள வெதுவெதுப்பான காற்றையும் உறிஞ்சிக்கொண்டு போகும், அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கு வழியே குளிர்காற்று உள்ளே வரும். கணப்புக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு முழங்கால் சுடும், முதுகு சில்லிடும். மாதம் ஒருமுறை விருந்தினர் வரும்போது எரிக்கத்தான் இது சரிப்படும்.

அதுவும் சிம்னி நன்றாக இருந்தால். பகலில் ஒரு டார்ச்சோடு உள்ளே தலையை விட்டு மேலே பாருங்கள். வானம் சதுரமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பறவைக் கூடோ தேன்கூடோ விழுந்த கல்லோ அடைத்திருக்கிறது. சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். உதிர்கிற சாம்பல் நிறக் கரி சாதாரணம். கறுப்புக் கண்ணாடி பூசியது போலப் பளபளத்து, நகத்தால் சுரண்டினாலும் வராமல் இருந்தால் அது கிரியோசோட், அதாவது விறகுப் புகை குளிர்ந்து படிந்த தார். அது எரிபொருள். பற்றிக்கொண்டால் சிம்னிக்குள் 1,000 டிகிரியைத் தாண்டிய தீ ஓடும். பிறகு கூரைக்கு அடியில் ஏறி, சிம்னிக் கட்டடம் மேலே போகிற இடத்தைச் சுற்றிப் பாருங்கள். இந்த வீடுகளில் சுண்ணாம்புச் சாந்து பல இடத்தில் கரைந்து போயிருக்கும். உத்தரத்தின் நுனியை அந்தக் காலத்துக் கொத்தனார் சிம்னிச் சுவருக்குள்ளேயே செருகியிருப்பதும் உண்டு. நுனி பழுப்பேறி, விரலால் அமுக்கினால் பொடிகிறதா? அங்கே தீ வைக்கவே கூடாது. பல வருடம் சூடு வாங்கிய மரம் உள்ளுக்குள் கரியாகிக்கொண்டே வரும், புது மரம் தாங்குகிற சூட்டைக்கூடத் தாங்காமல் பற்றும்.

பழைய ஃபயர்பிளேஸுக்கு நான் சொல்கிற வழி, அந்தக் குழிக்குள் கதவு வைத்த இரும்பு அடுப்பு ஒன்றைப் பொருத்துவது. இன்சர்ட் என்று கேட்டால் கிடைக்கும். சின்ன அடுப்பையே உள்ளே தள்ளி வைக்கலாம். இதில் எல்லோரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. அடுப்பின் குழாயை இரண்டடி உயரத்துக்குப் பழைய சிம்னிக்குள் விட்டுவிட்டு, மிச்சத்தைப் பழைய கட்டடம் பார்த்துக்கொள்ளும் என்று விடுவார்கள். திறந்த கணப்புக்காகக் கட்டிய பெரிய வழி அது. அடுப்பிலிருந்து வருகிற கொஞ்சப் புகை அதற்குள் பரவி, வேகம் இழந்து, குளிர்ந்து சுவரெல்லாம் தாராகப் படியும். 120 டிகிரிக்குக் கீழே புகை குளிர்ந்தால் இந்தப் படிவு வேகமாகச் சேரும். அடுப்பின் வாயிலிருந்து சிம்னி உச்சி வரை ஒரே நீளமாக ஸ்டீல் லைனர், அதாவது உட்குழாய், இறக்க வேண்டும். அடுப்பின் வாய் 6 அங்குலம் என்றால் லைனரும் 6 அங்குலம். விறகுக்கு 316 தர ஸ்டெயின்லெஸ் போதும். லைனரைச் சுற்றி வெர்மிகுலைட் என்ற சூடு தாங்கும் கனிமத் துகளைக் கொட்டியோ செராமிக் கம்பளி சுற்றியோ சூட்டைக் காக்க வேண்டும். செலவு அடுப்பு விலையைத் தொடும், சில சமயம் தாண்டும். ஆனாலும் அதே விறகில் 70 சதவீதம்வரை சூடு அறைக்கு வரும். பழைய சிம்னியின் விரிசல்களும் புகைக்கு எட்டாமல் போய்விடும். ஒரு லைனரில் ஓர் அடுப்புதான். பக்கத்து அறைக் கணப்பையும் அதில் இணைத்தால் ஒன்றின் புகை மற்றதன் வழியாக வரும்.

ஃபயர்பிளேஸ் இல்லாத வீடு

இங்கே மூன்று வழி. கூரையைத் துளைத்து நேராக மேலே, சுவரைத் துளைத்து வெளிப்பக்கமாக மேலே, அல்லது காஷ்மீர், இமாச்சலப் பக்கத்துப் புகாரி.

புகாரியை முதலில் பார்ப்போம், கேட்பவர்கள் அதிகம். தகட்டு உருளை, மேலே ஒற்றைத் தகட்டுக் குழாய், ஜன்னல் கண்ணாடியை எடுத்துவிட்டு அதன் வழியே வெளியே. மலிவு, சீக்கிரம் சூடாகும், குளிர் போனதும் கழற்றி வைக்கலாம். எனக்கு அடுப்பின்மேல் குறை இல்லை, குழாயின்மேல்தான். ஒற்றைத் தகட்டுக் குழாய் அறைக்குள் இருக்கும்வரை பரவாயில்லை, அதுவும் சூடு தரும். அது மரச் சட்டத்தையோ பலகை சீலிங்கையோ தாண்டுகிற இடத்தில்தான் வீடு எரிகிறது. வட அமெரிக்க விதிப்படி அதற்கும் எரியக்கூடிய எதற்கும் 45 செ.மீ. இடைவெளி வேண்டும். ஜன்னல் சட்டத்தில் அவ்வளவு இடம் எங்கே? வெளியே வந்த பிறகு அதே ஒற்றைத் தகடு குளிரில் நின்று புகையைக் குளிரவைக்கும். இணைப்பு வழியே கறுப்பு நீர் வடிந்து சுவரில் கோடு போட்டிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அந்தக் கோடு தெரிந்தால் உள்ளே தார் கட்டியிருக்கிறது என்று பொருள். புகாரிதான் வேண்டும் என்றால் அறைக்குள் ஒற்றைக் குழாய், சுவரையோ கூரையையோ தொடுகிற இடத்திலிருந்து கம்பளி வைத்த இரட்டைச் சுவர்க் குழாய் என்று கலந்து போடுங்கள். அதன் பெயர் புகாரியாக இருந்தாலும் ஏற்பாடு அடுத்த வகையைச் சேர்ந்ததாகிவிடும்.

இரண்டு ஸ்டீல் குழாய்களுக்கு நடுவே சூடு தாங்கும் கம்பளி அடைத்தது இரட்டைச் சுவர்க் குழாய். புகை சூடாகவே மேலே போகும், வெளித்தகடு ஒற்றைத் தகட்டுக் குழாய் அளவுக்குச் சுடாது. அமெரிக்காவில் விறகு அடுப்புக்கான இந்தக் குழாய்கள், சிம்னித் தீயைத் தாங்குமா என்று ஏறத்தாழ 1,150 டிகிரியில் 10 நிமிடம் சோதிக்கப்படுகின்றன. மரத்திலிருந்து 5 செ.மீ. தள்ளியிருந்தால் போதும் என்று பெரும்பாலும் குறித்திருப்பார்கள். அந்த 5 செ.மீ. வெறும் காற்றாகவே இருக்க வேண்டும். "கேப் தெரியுது" என்று பஞ்சையோ தெர்மாகோலையோ அடைக்கிற கை ஒன்று எப்போதும் வந்துசேரும், கண் வைத்திருங்கள்.

இந்தக் குழாயை நேராகக் கூரை வழியே ஏற்றுவதுதான் மூன்றிலும் சிறந்தது. வளைவு இல்லை, குழாயின் பெரும்பகுதி வீட்டின் வெதுவெதுப்பில் நிற்கிறது, கொளுத்தியதும் இழுக்கிறது, மேலிருந்து பிரஷ் விட்டால் அடுப்பு வரை வருகிறது. சங்கடம் மழையில்தான். மங்களூர் ஓட்டுக் கூரையில் கைமரத்தையும் ரீப்பரையும் வெட்டி, சுற்றிலும் சட்டம் கட்டி, ஓட்டுக்கு மேலே ஈயத்தகடோ தகரமோ மடித்து, குழாயைச் சுற்றி ஒரு காலர் போட வேண்டும். கான்கிரீட் தளம் என்றால் எங்கே கம்பி ஓடுகிறது, எங்கே பீம் என்று தெரிந்த பொறியாளர் சொன்ன இடத்தில் கோர் கட்டிங். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையில் துளை போட வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குப் போகும். ஷீட்டையே மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மேல்மாடியில் வேறு யாராவது குடியிருந்தால், அல்லது கூரையைத் தொட மனமில்லை என்றால், சுவர் வழி. அடுப்புக்குப் பின்னால் சுவரைத் துளைத்து, வெளியே ஒரு டீ (T வடிவ இணைப்புக் குழாய்) வைத்து, சுவரோடு பிராக்கெட் அடித்து மேலே ஏற்றுவது. கல் சுவரில் இது சுலபம், மழைத் தொல்லையும் குறைவு. ஆனால் முழு நெடுக்கும் குளிரில் நிற்கிற குழாய் இது. பனி விழுந்த இரவில் உள்ளே நிறைந்திருக்கும் குளிர்காற்று கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும், நெருப்பு வைத்ததும் புகை உங்கள் முகத்துக்கு வரும். சுருட்டிய செய்தித்தாளைக் கொளுத்திக் குழாய் வாயருகே பிடித்து, காற்று திரும்பியபிறகு விறகைப் பற்ற வைப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிடும். படுக்கைவாட்டில் ஓடுகிற பகுதி மிகக் குறைவாக, மீட்டருக்கு 2 செ.மீ. ஏற்றத்தோடு இருக்கட்டும். 90 டிகிரி முழங்கைக்குப் பதில் இரண்டு 45 டிகிரி வளைவு நல்லது. டீயின் அடிமூடி திறந்து கரியை எடுக்கும்படி இருக்க வேண்டும். தோட்டச் சுவரோடு அதைச் சேர்த்துப் பூசிவிட்ட வீடும் உண்டு!

எந்த வழியானாலும் உச்சி எங்கே முடிய வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு: கூரையைத் துளைத்த இடத்திலிருந்து 90 செ.மீ. உயரம், 3 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 60 செ.மீ. உயரம். மலைச்சரிவில் இது மட்டும் போதாது. அடுக்கடுக்காக வீடுகள் இருக்கும்போது உங்கள் சிம்னி உச்சி மேல்வீட்டுக்காரரின் ஜன்னலுக்கு நேராக வந்து நிற்கும். அவருக்குப் புகை, உங்களுக்குச் சரிவில் இறங்கி வருகிற காற்றின் எதிர்த்தள்ளல். குழாய் வாங்குவதற்கு முன் மேல்வீட்டு முற்றத்தில் நின்று உங்கள் கூரையைப் பாருங்கள், இடம் தானாகத் தெரியும்.

பட்டறையில் "இதுவும் குழாய்தானே" என்று எடுத்துத் தருகிற மூன்றை வாங்காதீர்கள். ஜி.ஐ. பைப் அதிகச் சூட்டில் துத்தநாகப் புகை விடும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஏ.சி. பைப் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய், கிராமத்துப் புகையில்லா அடுப்புகளில் கண்டதுதான், கணப்பின் சூட்டில் வெடித்துப் பிளக்கும்.

அடுப்பு, இடைவெளி, காற்று

பெரிய அடுப்பு வாங்கினால் நல்லது என்று நினைப்பது இயல்பு. இதில் அது தப்பு. அறையின் கன அளவை 14-ஆல் வகுத்தால் வருகிற எண்தான் தேவையான கிலோவாட், பிரிட்டனில் விற்பனையாளர்கள் சொல்கிற கைக்கணக்கு இது. 4 மீட்டருக்கு 5 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்றால் 60 கன மீட்டர், 4.3 கிலோவாட். அங்கே 12 கிலோவாட் அடுப்பை வைத்தால் அரைமணியில் வியர்த்து, காற்றுத் திறப்பை மூடிவிடுவீர்கள். விறகு கனன்று புகைந்துகொண்டே கிடக்கும், தார் முழுவதும் குழாயில் ஏறும். சின்ன அடுப்பைச் சுறுசுறுப்பாக எரிப்பதே பாதுகாப்பு.

கனடாவில் வெட் (WETT) என்ற விறகு அடுப்புப் பயிற்சி அமைப்பின் சான்று பெற்ற ஆள் வந்து பார்த்துச் சொன்னால்தான் பல காப்பீட்டு நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும். பிரிட்டனில் ஹெட்டாஸ் (HETAS) என்ற அமைப்பில் பதிவு பெற்றவர் மாட்டுவார். அப்படி ஒருவரை இங்கே நான் பார்த்ததில்லை. அதனால் அளவு நாடாவை நாமே எடுக்க வேண்டும். தயாரிப்பாளர் எண் எதுவும் ஒட்டாத பட்டறை அடுப்புக்கும் மரச் சுவருக்கும் 90 செ.மீ. விடுங்கள். அவ்வளவு இடம் இல்லையா? சுவரிலிருந்து 25 மி.மீ. தள்ளி ஒரு தகடு நிறுத்தி, மேலும் கீழும் காற்றுப் போக விட்டால் அந்த இடைவெளியை 30 செ.மீ. வரை குறைக்கலாம். பிளைவுட் சுவரில் நேரடியாக டைல்ஸ் ஒட்டினால் குறைக்க முடியாது. டைல்ஸ் எரியாது, ஆனால் சூட்டை அப்படியே பின்னால் கடத்திவிடும். தரை மரப்பலகை என்றால் கல்லோ கான்கிரீட்டோ பரப்பி, கதவுக்கு முன்னால் 45 செ.மீ. நீட்டிவிடுங்கள். கதவைத் திறக்கும்போது தெறிக்கிற கங்கு அங்கேதான் விழும்.

எரிகிற அடுப்பு காற்றைத் தின்கிறது. புதுவீடுகளில் யு.பி.வி.சி. ஜன்னல், இடுக்கே இல்லை. அந்த நேரத்தில் சமையலறையில் மின்சாரச் சிம்னியைப் போட்டால் அதன் பலத்த இழுப்பு விறகுப் புகையைக் கூடத்துக்கே திருப்பிக் கொண்டுவரும். அடுப்புக்குப் பக்கத்தில் அடைக்க முடியாத ஒரு காற்றுத் துளை விடுங்கள், வெளியே எலி வலை போட்டு. கார்பன் மோனாக்சைடு அலாரமும் ஒன்று மாட்டுங்கள், அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள். பிரிட்டனில் புது அடுப்பு மாட்டினால் இது கட்டாயம். புகை அலாரம் வேறு, அதை வைத்துவிட்டு இதுவும் ஆயிற்று என்று நினைக்கக் கூடாது.

விறகு விஷயத்தில் நம் மழைக்காலம்தான் எதிரி. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, கோத்தகிரி குன்னூருக்கு ஐப்பசி கார்த்திகை மழை, அது முடிந்ததும் உறைபனி. மார்கழியில் லாரியில் இறக்குகிற கற்பூர மரம் (யூகலிப்டஸ்) தண்ணீர் குடித்துக் கனக்கும், எரியாமல் சீறும். தை முதல் சித்திரை வரை வெயிலில் பிளந்து அடுக்கி, மேலே தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்து வையுங்கள். சீகை (வாட்டில்) மரம் நன்றாக நின்று எரியும். தேயிலைக் கவாத்தில் வெட்டிய மிலாறு, அதாவது குச்சிகள், பற்ற வைக்கக் கெட்டிக்காரத்தனமான விறகு. தோட்டத்து மரமானாலும் மலைப்பகுதியில் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, விசாரித்துவிட்டுக் கோடரியைத் தூக்குங்கள்.

குழாய் மாட்டும் நாளில் பக்கத்தில் நின்று இரண்டைப் பாருங்கள். ஒவ்வொரு துண்டின் சுருங்கிய முனையும் அடுப்பை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். தார் வடிந்தாலும் உள்ளுக்குள்ளேயே அடுப்புக்குப் போய் எரிந்துவிடும், வெளியே கசியாது. ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று திருகு. கதவின் விளிம்பில் காற்றை அடைக்கிற கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தாள் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள், சுலபமாக வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. குளிர்காலம் தொடங்கும் முன் ஒருமுறையும் நடுவில் ஒருமுறையும் பிரஷ் விட வேண்டும். கரி 3 மி.மீ. கனம் சேர்ந்துவிட்டால் நாளைப் பார்க்காமல் உடனே.

முதல் மூன்று தீயைச் சின்னதாக வைத்து, ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். புது அடுப்பின் பெயின்ட் வெந்து நாற்றமடிக்கும், கொஞ்சம் புகையும் வரும், பயப்பட ஒன்றுமில்லை. நாலைந்து தடவைக்குப் பிறகும் நாற்றம் நிற்கவில்லை என்றால் பெயின்டின்மேல் பழி போடாதீர்கள். எங்கோ இணைப்பு கசிகிறது. அணைத்துவிட்டு, ஆறியபிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.